பெறுநர் இல்லாத கட்டுரை

நீர்நிலைகளைப் பாதுகாப்பது பற்றி எழுதச் சொன்னால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பத்தாம் வகுப்பு மாணவர் யாரும் திணற மாட்டார்கள். முன்னுரை, நீரின் தேவை, மாசுபடக் காரணங்கள், தடுக்கும் வழிகள், முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் கையில் இருக்கிறது. தொடக்கத்தில் வான்சிறப்பிலிருந்து ஒரு குறள், கடைசியில் அரசும் மக்களும் கைகோக்க வேண்டும் என்ற வேண்டுகோள். பொதுத்தேர்வில் இதற்கு 8 மதிப்பெண். ஆனால் எழுதியவர் கொரட்டூர் ஏரிக்கரையில் வசிக்கிறாரா, கோவில்பட்டியில் வசிக்கிறாரா என்பதை அந்தக் கட்டுரையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நம் கட்டுரைப் பயிற்சியின் பெரிய குறை இதுதான்.

அதற்காகச் சட்டகத்தையே தூக்கி எறியச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவரின் மகளுக்கு, வீட்டில் எழுதியதைப் படித்துத் திருத்தித் தர ஆள் கிடைப்பது அரிது. வெற்றுத்தாளைக் கண்டு உறைந்துபோகும் பிள்ளையை அந்த ஐந்து உட்தலைப்புகள்தான் எழுத வைக்கின்றன. பத்திக்கு ஒரு கருத்து, காரணத்தைச் சொன்ன பிறகே தீர்வு என்ற ஒழுங்கும் அங்கேதான் கைவருகிறது. லட்சக்கணக்கான விடைத்தாள்களை வெவ்வேறு ஆசிரியர்கள் திருத்தும்போது பொதுவான அளவுகோல் ஒன்றும் வேண்டியிருக்கிறது.

சிக்கல் தீர்வுப் பகுதியில் இருக்கிறது. கொரட்டூர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் மழைநீர்க் கால்வாய் வழியாகக் கலந்து கெடுத்த ஏரி அது. ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. பாதாளச் சாக்கடை சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. ஆலைக் கழிவைக் கண்காணிக்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அந்தப் பகுதி மக்கள் இயக்கமாகத் திரண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். உள்ளாட்சியும் இங்கே ஒன்றல்ல. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து இன்று ஏழாவது மண்டலமாக இருக்கிறது. அடுத்துள்ள ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. தெருவுக்குத் தெரு பொறுப்பாளர் மாறும் இந்த வட்டாரத்தில், 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்ற வாக்கியத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

இத்தனைக்கும் அதே பத்தாம் வகுப்புப் பாடநூலில் ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. உணவு விடுதியில் தரமற்ற உணவைக் கூடுதல் விலைக்குக் கொடுத்ததைப் பற்றி, உரிய சான்றுகளோடு உணவுப் பாதுகாப்பு ஆணையருக்குக் கடிதம் எழுத வேண்டும். அங்கே பெறுநர் உண்டு, சான்று உண்டு, கோரிக்கை உண்டு. கடிதத்துக்குக் கற்றுக்கொடுக்கும் இந்த மூன்றும் பொதுக்கட்டுரைக்குள் நுழைவதே இல்லை.

மறுப்பை எதிர்கொள்வதும் அப்படித்தான். 'ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும்' என்று வகுப்பு முழுவதும் எழுதும். அப்படி அகற்றப்படக்கூடிய வீட்டிலிருந்தே ஒரு மாணவர் அந்த வகுப்புக்கு வந்திருக்கலாம். மாற்று வீடு எங்கே, அங்கிருந்து அப்பாவின் வேலைக்கு எவ்வளவு தூரம், பள்ளி என்ன ஆகும் என்ற கேள்விகளுக்குக் கட்டுரையில் இடமில்லை. அவற்றுக்குப் பதில் சொல்லாத கட்டுரை ஏற்கெனவே உடன்படுபவரை மட்டுமே உடன்பட வைக்கும். பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது நூலாசிரியர் கொள்கைகளில், ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது. பட்டிமன்றத்தில் எதிரணியின் வாதத்தை எடுத்துச் சொல்லி மடக்கும் மாணவருக்கு இந்தக் கலை நன்றாகவே தெரியும். பேனாவை எடுத்ததும் அதை மறக்கடிப்பது நாம் வைத்திருக்கும் மதிப்பெண் முறை.

உள்ளூர்ச் செய்திகளை எழுதச் சொன்னால் மாணவர்கள் பொய்ப் புள்ளிவிவரம் எழுதுவார்கள், திருத்துபவரால் சரிபார்க்க முடியாது என்று ஆசிரியர்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. உள்ளூர் அலுவலகத்தைக் குறை சொல்லும் கட்டுரை பள்ளிக்குத் தலைவலியாகும் என்ற தயக்கமும் உண்மையானது. அதனால் எண்களுக்கு மதிப்பெண் தர வேண்டாம். சொன்ன காரணத்துக்கும் சொன்ன தீர்வுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நடந்து முடிந்த ஒன்றை எடைபோடச் சொல்வது இன்னும் பாதுகாப்பானது. ஆவடி பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019-இல் நடைபாதை, படகுச் சவாரியோடு திறக்கப்பட்டது. அது ஏரிக்குத் தீர்வா, பொழுதுபோக்குக்குத் தீர்வா? ஆவடி மாணவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டே எழுதலாம்.

வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. சட்டகம் இருக்கட்டும், குறளும் இருக்கட்டும். அந்த 8 மதிப்பெண்ணில் இரண்டை மட்டும் ஒதுக்குங்கள்: இந்தத் தீர்வை யார் செய்ய வேண்டும் என்று பெயர் சொன்னதற்கு ஒன்று, அதை எதிர்ப்பவருக்குப் பதில் சொன்னதற்கு ஒன்று.