தலைவாஸின் பிடி

கபடி பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோரின் கண் பாடி வருகிறவர் மேல்தான் இருக்கும். அவர்தான் நடுக்கோட்டைத் தாண்டி வருகிறார், முப்பது நொடி ஒரே மூச்சில் பாடுகிறார், புள்ளி எடுத்தால் தொடையைத் தட்டுகிறார். கேமராவும் அவர் பின்னாலேயே போகிறது. தமிழ் தலைவாஸ் அணியைத் தொடர்ந்து பார்த்து வந்ததில் என் கண் வேறொரு இடத்தில் போய் நின்றுவிட்டது. மேட்டின் வலது மூலையில், இடுப்பை வளைத்து, கையைத் தரைக்குச் சற்று மேலே தொங்கவிட்டு நிற்கிற கார்னர்காரர் அங்கேதான் இருக்கிறார். நம் அணி மோசமாகத் தோற்ற இரவுகளில்கூட அந்த மூலையில் பார்க்க ஏதாவது இருந்தது. இந்த அணியை நான் விடாமல் இருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

சாகர் ராத்தி அங்கே நின்ற காலத்தைச் சொல்கிறேன். கணுக்கால் பிடி என்றால் பாய்ச்சல் என்று நினைப்போம். அதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். போனஸ் எடுக்க வருகிற ரெய்டர் ஒரு காலை போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, பின்காலைத் தரையிலிருந்து எடுத்தாக வேண்டும், விதி அப்படி. பின்கால் எழும்பும் அந்தக் கணத்தில் அவருடைய மொத்த எடையும் ஒற்றைக் காலில் இருக்கிறது. அதற்கு முன்னால் பாய்ந்தால் காலை உருவிக்கொண்டு போய்விடுவார். பிந்திப் பாய்ந்தால் போனஸும் போகும், பாய்ந்தவரும் தொடுபட்டு வெளியே போவார். சாகரின் கை சரியாக அந்த நடுக் கணத்தில் போய்ச் சேரும். எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ரோலிங் மில்லில், உருளைக்கு நடுவிலிருந்து பழுக்கச் சிவந்த கம்பி சீறி வரும்போது இடுக்கியால் அதன் முனையைப் பிடித்துத் திருப்பிவிடுகிற ஆளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேகம் கம்பியுடையது, நிதானம் அந்த ஆளுடையது.

பிடித்துவிட்டால் மட்டும் போதாது. 13 மீட்டர் நீளக் களத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறரை மீட்டர்தான். காலில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இழுத்துக்கொண்டு போய் விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிற ரெய்டர்கள் உண்டு. தொட்டுவிட்டால் தொங்கியவர் அவுட். ஆகவே கார்னர் பாயும்போதே கவர்காரர் ரெய்டருக்கும் கோட்டுக்கும் நடுவில் வந்து மறிக்க வேண்டும். நம் தமிழ்நாட்டுப் பையன் எம். அபிஷேக் அதைச் செய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? பாய்ந்த பிறகு அதைப் பார்த்துக் கிளம்புகிறவர் அல்ல அவர். கார்னரின் தோள் தாழும்போதே இவர் உடம்பு நகர ஆரம்பித்துவிடும். இரண்டு பேருக்கும் நடுவே பேச்சு இல்லை, சைகை இல்லை. பல மாதம் ஒன்றாகப் பயிற்சி எடுத்தால் மட்டுமே வருகிற ஒத்திசைவு அது. தலைவாஸின் கதை முழுக்க இந்த ஒன்றைச் சுற்றியே ஓடுகிறது என்பது என் கட்சி. ஒன்றாக நிற்க விட்டபோது அணி எழுந்தது. பெரிய பெயர்களை வாங்கிக் கோர்த்தபோது விழுந்தது.

புரோ கபடி லீக் 2014ல் தொடங்கியது. நமக்கென்று ஓர் அணி 2017ல், ஐந்தாம் பருவத்தில்தான் வந்தது. சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், கேப்டன் அஜய் தாக்கூர். முந்தைய ஆண்டு உலகக் கோப்பை இறுதியில் ஈரானிடமிருந்து ஆட்டத்தைப் பறித்துக் கொடுத்தவர் அவர். அந்தப் பருவத்தில் 200 புள்ளிக்கு மேல் பாடி எடுத்தார். அணியோ தன் பிரிவில் கடைசி. இறுதி ஆட்டம் அக்டோபர் 28 அன்று சென்னையிலேயே நடந்தது. ஆடியவை பாட்னாவும் குஜராத்தும்.

2018ல் மஞ்சீத் சில்லர் வந்தார். சென்னையில் நடந்த தொடக்க ஆட்டத்தில் பாட்னாவை 42-26 என்று நொறுக்கினோம். மறுநாளே உ.பி. யோதாவிடம் தோற்றோம், பிறகு சரிவுதான். 2019ல் ராகுல் சவுத்ரியை 94 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். அஜய், ராகுல், மஞ்சீத் மூவரும் ஒரே அணியில். காகிதத்தில் அதைவிடப் பெரிய அணி அந்த ஆண்டு இல்லை. 12 அணிகளில் 12வது இடம். டெல்லியிடம் 29-30, பாட்னாவிடம் 23-24 என்று ஒரு புள்ளியில் நழுவிய ஆட்டங்களை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. முதல் மூன்று பருவங்களில் ஆடிய 66 ஆட்டங்களில் வென்றவை 15.

எங்கள் சிப்காட்டில் இந்த அணியை ஆதரிப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவர்களில் பீகார், உத்தரப்பிரதேசம், ஒடிசா ஆட்கள் பாதிக்கு மேல். 2017ல் பாட்னா தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை எடுத்தபோது பர்தீப் நர்வாலின் பெயர் கேன்டீன் முழுக்க ஒலித்தது. ஷிப்டு மாறுகிற நேரத்தில் ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுத் தலை. நம் அணி தோற்ற மறுநாள் ஒரு பையன் வந்து, இங்கே கற்றுக்கொண்ட தமிழில், "அண்ணா, நேத்தும் போச்சா?" என்று கேட்பான். கேலி இல்லை, உண்மையான விசாரிப்பு. அவனுக்கும் கபடி ரத்தத்தில் உண்டு. சாகரின் கணுக்கால் பிடியை என்னோடு சேர்ந்து திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்து, அந்தப் பின்கால் விஷயத்தை முதலில் எனக்குக் காட்டிக்கொடுத்தவனும் அவன்தான்.

"தமிழ் என்று பெயர், ஆடுகிறவர்கள் எல்லாம் ஹரியானாக்காரர்கள்" என்று சொல்லும் நண்பர்களோடு நான் பல தடவை வாதாடியிருக்கிறேன். பக்கத்து மெஷினில் நிற்கிறவன் எந்த ஊர் என்று பார்த்தா நாம் வேலை செய்கிறோம்? சாகர் ஆண்டுக்கணக்கில் நம் அணிக்காகத் தரையில் விழுந்து எழுந்தவர். அவர் நம்மவர். என் குறை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எட்டாம் பருவம் கொரோனாவால் பெங்களூருவில் ஒரே ஹோட்டலுக்குள், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. பெயர் பெற்ற ரெய்டர்கள் போய்விட்டார்கள். சுர்ஜீத் சிங் கேப்டன், மூலையில் இளம் சாகர். நாம் 11வது இடம். அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு அது இன்னொரு தோல்வி ஆண்டு. 22 ஆட்டங்களில் ஆறு சமன் ஆனதையும், சாகர் 82 பிடிப் புள்ளிகள் எடுத்ததையும் பார்த்தவருக்கு அங்கே ஒரு சுவர் எழும்புவது தெரிந்திருக்கும்.

அந்தச் சுவர்தான் 2022ல் நம்மைக் காப்பாற்றியது. ஒன்பதாம் பருவத்துக்கு பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். அதுவரை லீக்கில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. அக்டோபரில் குஜராத்தோடு ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் காயம்பட்டு வெளியே போனார், அந்தப் பருவத்தில் திரும்பவே இல்லை. அன்று இரவு எல்லோரும் இந்த ஆண்டும் முடிந்தது என்றார்கள். நடந்ததோ வேறு. நடுவில் பயிற்சியாளராக அஷன் குமார் வந்தார். நரேந்தர் என்ற அறிமுக ரெய்டர் 243 புள்ளிகள் குவித்தார். அவர் பாடப் போகும்போது ஒரு நிம்மதியோடு போனார். பின்னால் சாகர், சாஹில் குலியா, மோஹித், அபிஷேக் இருந்தார்கள். ஒரு ரெய்டு வீணானால் அடுத்த பிடியில் அதை மீட்டுவிடலாம் என்று நம்பக்கூடிய ரெய்டர் அவசரப்பட மாட்டார். பிடிப்பவர்கள் ரெய்டருக்குச் செய்யும் உதவி புள்ளிக் கணக்கில் வராது.

ஐந்தாவது இடம், முதல்முறையாக பிளே-ஆஃப். உ.பி. யோதாஸுடன் 36-36 என்று சமனாகி, டை-பிரேக்கரில் 6-4 என்று வென்ற இரவு மாதிரி இன்னொன்று எனக்கு வாய்க்கவில்லை. எதிர்ப்பக்கம் ஆடியது பர்தீப் நர்வாலின் அணி. இரண்டு நாள் கழித்து மும்பையில் அரையிறுதி. புனேரி பல்டனிடம் 37-39. இரண்டு புள்ளி. அந்த ஆட்டத்தை நான் இன்னும் பார்க்கிறேன், வருத்தத்துக்காக இல்லை, நம் கவர்கள் எவ்வளவு கட்டுக்கோப்பாக நகர்ந்தார்கள் என்பதற்காக.

மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த அதே டிசம்பரில், 2023ல், நான்கு ஆண்டுக்குப் பிறகு கபடி சென்னைக்குத் திரும்பியது. நேரு உள்விளையாட்டரங்கம் எங்களுக்கு வசதியான இடம். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால் பொன்னேரி, எண்ணூர் வழியாக மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். டிவியில் கேட்காத ஒன்று அங்கே கேட்கும்: மேட்டில் உடம்பு விழுகிற சத்தம். கவர்காரர் தோளால் இடித்து ரெய்டரைப் பக்கக் கோட்டுக்கு வெளியே தள்ளும் டேஷைப் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டால், தொலைக்காட்சியில் பார்ப்பது பாதி ஆட்டம்தான் என்று தெரிந்துவிடும். அணி அந்தப் பருவம் ஒன்பதாவது. 2024லும் ஒன்பதாவது, சச்சின் தன்வாருக்கு 2 கோடியே 15 லட்சம் கொடுத்த ஆண்டு அது. 2025ல் அர்ஜுன் தேஷ்வால் வந்தார், பவன் ஷெராவத் திரும்பி வந்து பருவத்தின் நடுவிலேயே விலகிப்போனார், முதல் எட்டுக்குள் நாம் இல்லை. இவர்கள் அனைவரும் அருமையான ரெய்டர்கள். பணம் ஒவ்வொரு முறையும் ஒரே வாசல் வழியாக வெளியே போவதைத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் விதியைப் பற்றியும் ஒன்று. முன்பெல்லாம் ஏழு புள்ளி அல்லது அதற்குள் தோற்றால் அட்டவணையில் ஒரு புள்ளி உண்டு. 2025ல் அதை எடுத்துவிட்டார்கள். வென்றால் இரண்டு, தோற்றால் ஒன்றுமில்லை. ஜெயிக்கிற அணிக்காரர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. பத்துப் புள்ளி பின்தங்கிய அணிக்குக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆடக் காரணம் கொடுத்தது அந்த ஒற்றைப் புள்ளி. மூன்று பேர் மட்டும் மிஞ்சிய நிலையில் சூப்பர் டேக்கிள் போட்டு இரண்டிரண்டாக எட்டிப் பிடிக்கும் அழகு அதிலிருந்துதான் பிறந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இனி என் குறை. கபடி நமக்கு இரவல் ஆட்டம் இல்லை. 1990ல் பெய்ஜிங்கில் ஆசியப் போட்டிக்குள் கபடி நுழைந்த காலந்தொட்டு இந்திய அணிக்குத் தமிழ்நாடு ஆள் கொடுத்து வருகிறது. மணத்தி கணேசன் 1994ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதனை ஹரியானாப் பையன்களே 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்னா கோப்பை வென்றபோது கேப்டனாக இருந்தவர். நாற்பது வயதுக்கு மேலும் மேட்டில் நின்ற அவர் பல அணிகளுக்கு ஆடினார், தலைவாஸுக்கு ஆடவில்லை. 2024ல் பயிற்சியாளர் குழுவில் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். பிரபஞ்சன், அஜித் குமார், மாசானமுத்து என்று வந்த நம் பையன்களில் அபிஷேக் அளவுக்கு நிலைத்தவர்கள் குறைவு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கத்தோடு திரும்பினார்கள். ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் பொங்கலை ஒட்டி, விளக்கு கட்டி, மண்தரையில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். பதினேழு பதினெட்டு வயதில் அசாத்தியமாகக் கார்னர் நிற்கிற பையன்களை அங்கே பார்க்கிறேன். இருபது வயதில் ஒப்பந்தத் தொழிலாளியாக கேட்டுக்குள் நுழைகிறான். பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு பயிற்சிக்கு உடம்பு எங்கே இருக்கிறது? போலீஸிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் தப்பிப்பான், இல்லையென்றால் அதோடு சரி. மண்ணில் கற்றவன் மேட்டுக்குப் பழக ஒரு வருடமாவது வேண்டும். மேட் பாதத்தைப் பிடிக்கும், மண் வழுக்கிவிடும், கணுக்கால் பிடியின் கணக்கே மாறிவிடும். இரண்டு கோடியில் ஒரு சிறு பங்கு போதும், பொன்னேரியிலோ கவரைப்பேட்டையிலோ ஒரு மேட் விரித்து, சேரலாதனைப் போன்ற ஒருவரை மாதம் இரண்டு நாள் வரவைக்க.

நிதேஷ் குமாரை நம் வலது மூலைக்கு எடுத்தது இந்த அணி செய்த மிகச் சரியான காரியங்களில் ஒன்று. உ.பி. யோதாவுக்காக 2018ல் ஒரே பருவத்தில் 100 பிடிப் புள்ளிகள் எடுத்தவர் அவர். அப்படி ஒருவருக்கு எதிர் மூலையில் ஐந்து ஆண்டு நிற்கப்போகிற ஒரு இளைஞன் வேண்டும். அடுத்த ஏலத்தில் தலைவாஸ் மேசையிலிருந்து முதல் கை ஒரு இடது கார்னருக்காக உயரட்டும். அதைப் பார்க்க இரவு ஷிப்டுக்கு லீவு போடவும் தயாராக இருக்கிறேன்.