ஜா ஷாகாவும் நம்மூர் மைக் செட்டும்

2023 ஏப்ரல் 12 அன்று லண்டனின் ரெகே சவுண்ட் சிஸ்டம்காரர் ஜா ஷாகா காலமானார். பாடகர் என்றோ வாத்தியக்காரர் என்றோ அவரை யாரும் அறிமுகப்படுத்துவதில்லை. சொந்தமாக இசைத்தட்டுகளும் வெளியிட்டார், ஆனால் புகழ் வேறொன்றால் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அவர் செய்த வேலை பெட்டிகளை அடுக்கி, கம்பி இழுத்து, பெரும்பாலும் பிறர் பாடிய தட்டுகளை விடிய விடியப் போடுவது. நம்மூரில் இதைச் செய்பவருக்குப் பெயர் ‘மைக் செட்காரர்’. லண்டனில் அவர் கலைஞர். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஜமைக்காவின் கிளாரண்டனில் பிறந்த ஷாகா, 1950-களில் சிறுவனாகப் பெற்றோருடன் லண்டனுக்கு வந்தார். வளர்ந்தது தென்கிழக்கு லண்டனில். 1970-களின் தொடக்கத்தில் சொந்த சவுண்ட் சிஸ்டம் கட்டினார். ஜூலு மன்னன் ஷாகாவின் பெயரோடு, ரஸ்தஃபாரியர் இறைவனைக் குறிக்கும் ‘ஜா’வைச் சேர்த்துக்கொண்டார். இயற்பெயரைக் கடைசிவரை பொதுவில் பேசவில்லை. கறுப்பின இளைஞர்களை நகரத்து கிளப்புகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. சமூகக் கூடங்களும் வீட்டு அடித்தளங்களும் அவர்களுடைய ஆட்டக்களங்கள் ஆயின. அங்கும் போலீஸ் வந்தது. பிராங்கோ ராஸோவின் ‘பாபிலோன்’ (1980) அந்த உலகைக் காட்டும் படம். ஷாகா அதில் ஷாகாவாகவே தோன்றுகிறார். பிரிட்டனில் பதினெட்டு வயதுக்குக் கீழானோர் பார்க்க முடியாதபடி சான்றிதழ் பெற்ற அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வர 2019 ஆயிற்று.

அவருடைய கைவண்ணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளி விழாதிருக்க டிஜேக்கள் இரண்டு டர்ன்டேபிள் வைத்துக்கொள்வார்கள். ஷாகா ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். தட்டை மாற்றும் நேரத்தைச் சைரனும் எலக்ட்ரானிக் டிரம்மும் எதிரொலியில் மிதக்கும் அவர் குரலும் நிரப்பும். முதலில் பாடல் வரும். பிறகு அதே பாடலின் குரல் நீக்கிய டப் வடிவம். நடுவில் பாஸ் என்னும் அடியொலியை முழுவதுமாக வெட்டிவிடுவார். மேல் அலைவரிசைகள் மட்டும் கிசுகிசுக்கும். கூட்டம் காத்திருக்கும். பாஸைத் திறந்துவிடும்போது ஒலி காதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அதிகம் இறங்கும். கடைகளில் கிடைக்காத ஒற்றைப் பிரதித் தட்டுகளைத் தயாரிப்பாளர்கள் அவருக்கென வெட்டிக் கொடுத்தார்கள். 1980-களில் ஜமைக்காவே டிஜிட்டல் டான்ஸ்ஹாலுக்கு மாறியபோதும் இவர் ரூட்ஸ் ரெகேயை விடவில்லை. வியாபாரப் புத்தி உள்ள யாரும் செய்யாத காரியம். அந்தப் பிடிவாதத்திலிருந்துதான் ஏபா ஷான்டி-ஐ, ஐரேஷன் ஸ்டெப்பாஸ் என்று அடுத்த தலைமுறை கிளம்பியது. பின்னால் வந்த டப்ஸ்டெப் இசையிலும் அவர் தடம் உண்டு.

ரெகே, சவுண்ட் சிஸ்டம் பற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. லாய்ட் பிராட்லியின் ‘பாஸ் கல்ச்சர்’ (2000) வரலாற்றைச் சொல்கிறது. மைக்கேல் வீலின் ‘டப்’ (2007) ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகிறது. என் நோக்கில் மேலானது ஜூலியன் ஹென்ரிக்ஸின் ‘சோனிக் பாடீஸ்’ (2011). ஜமைக்கத் தலைநகர் கிங்ஸ்டனின் ஸ்டோன் லவ் சவுண்ட் சிஸ்டம் குழுவோடு நின்று, பெட்டியைத் திருப்பிவைக்கும் கைக்கும் ஒரு அறிவு உண்டு என்று காட்டிய நூல் அது.

தமிழ்ச் சூழலைப் பற்றி இதற்கு ஈடு தேடினால் கைக்கு வருவது அமெரிக்க இசையியலாளர் பால் கிரீன் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரை. தமிழ்க் கிராமம் ஒன்றில் பக்திப் பாடல் கேசட் போடுபவரை அவர் நிகழ்த்துபவராகவே கணக்கில் எடுத்தார். சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எந்த நேரத்தில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுக்குத் தாவுவது என்று தெரிந்தவருக்கு ஜமைக்காவில் ‘செலக்டர்’ என்று மரியாதையான பெயர் இருக்கிறது. நம் இசை விமரிசகர்கள் அவரைக் கரண்ட் கனெக்ஷன் கொடுக்க வந்தவராகவே பார்த்தார்கள்.

ஒலிபெருக்கியே நிகழ்வாகும் இடம் பக்கத்துக் கேரளத்திலும் உண்டு. திருவனந்தபுரத்தில் ரெகேயைத் தேடுகிறவர் கோவளம் கடற்கரைக்குப் போவார். அங்கே பாப் மார்லி பனியனில் கிடைப்பார். சவுண்ட் சிஸ்டத்தைத் தேடுகிறவர் ஆற்றுகால் பகவதி கோயிலின் பொங்காலைக்குப் போக வேண்டும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாக கின்னஸ் பதிவு செய்த விழா. தோற்றம்பாட்டு என்னும் கோயில் பாடலில் கண்ணகி கதை நாள்கணக்கில் பாடப்பட்டு, பாண்டியன் வதைபடும் கட்டம் வந்த பிறகே அடுப்பு மூட்டப்படும். சிலப்பதிகாரம் படித்த நமக்கு மயிர்க்கூச்செறியும் இடம். கோயிலிலிருந்து வெகுதொலைவில், தெருவோரம் செங்கல் கூட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த நொடி ஒலிபெருக்கி வழியாகத்தான் போய்ச் சேர்கிறது.

ஆனால் கருவி வேறு. நம் புனல் ஸ்பீக்கர் பேச்சுக்குரிய நடு அலைவரிசைகளைக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் வீசும். பாஸ் அதில் கிட்டத்தட்ட இல்லை. கட்சி அறிவிப்புக்கும் கோயில் அழைப்புக்கும் அதுவே பொருத்தம். ஷாகாவின் பெட்டி ஆளுயரத்துக்கு எழுந்து, ஒரு கூடத்தின் காற்றை மட்டும் அசைக்கும். அங்கே வந்தவர் காசு கொடுத்து, கேட்கவேண்டும் என்றே வந்தவர். புனலின் கீழே வசிப்பவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. அதனால்தான் நம்மிடம் ஒலிபெருக்கி பற்றிய வலுவான சிந்தனை இசை நூல்களில் கிடைப்பதில்லை, தீர்ப்புகளில் கிடைக்கிறது. பேச்சுரிமைக்குள் ஒலிபெருக்கி உரிமை அடங்காது என்று 1990-களின் தொடக்கத்திலேயே கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2000-இல் சென்னை தேவாலயம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை தடை போட்டன. ஷாகாவின் வேலை நேரமோ பெரும்பாலும் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான்.

இந்தியாவில் அவர் வழியைப் பின்பற்றியவர்கள் டெல்லியில் தோன்றினார்கள். தி ஸ்கா வெஞ்சர்ஸ் இசைக்குழுவின் தரு டால்மியாவும் சமாரா சோப்ராவும் பொதுமக்களிடம் நிதி திரட்டி ‘பி.எஃப்.ஆர். சவுண்ட் சிஸ்டம்’ என்று பாஸ் பெட்டிகளைக் கட்டினார்கள். கிளப்புக்கு வெளியே, போராட்டக் களங்களுக்கும் கொண்டுபோகவேண்டும் என்பது திட்டம். அல் ஜசீரா அதைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தது. துணிச்சலான முயற்சி; ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கிங்ஸ்டன் பெட்டியின் மாதிரியை இறக்குமதி செய்தவர்கள், பக்கத்துத் தெருவில் ஐம்பது வருடமாக ஆம்ப்ளிஃபயரைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருப்பவரிடம் என்ன கற்றார்கள்? திருவனந்தபுரத்துப் பொங்காலைக்கு கிலோமீட்டர் கணக்கில் கம்பி இழுக்கிறவர்களைப் பற்றி மலையாளத்திலோ தமிழிலோ யாராவது ஒரு புத்தகம் எழுதினால், ஹென்ரிக்ஸின் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.