பதவிக்காலம் முடிந்தபின் வரும் தீர்ப்பு

கென்யாவிலும் மலாவியிலும் நீதிமன்றங்கள் அதிபர் தேர்தலையே ரத்து செய்ததைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், மயிலாப்பூர் வழக்கறிஞர் வட்டத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும்: அங்கே அவசரம், இங்கே நிதானம், நம் முறை சாட்சியத்தை அலசிப் பார்க்கிறது. நிதானத்துக்கு வக்காலத்து வாங்கும் இந்தப் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். தோற்றவர் தெருவில் இறங்காமல் நீதிமன்றப் படியேறுவது பெரிய விஷயம். தீர்ப்புச் சொல்லக் கென்யச் சட்டம் நீதிமன்றத்துக்குத் தரும் 14 நாள் கெடு போதாது என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. நாமக்கல்லில் வேட்புமனு தள்ளப்பட்ட பொன்னுசாமியின் வழக்கில் 1952இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியும் சரியானதே: தேர்தல் நடக்கும்போது நீதிமன்றம் குறுக்கே வராது, குறை இருந்தால் முடிவு வந்தபின் மனுவோடு வரலாம்.

அந்த நெறிக்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது. ‘இப்போது வேண்டாம், பிறகு வா’ என்றவர், பிறகு வந்தவனை வருடக்கணக்கில் வாசலில் நிறுத்தலாமா? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மனுதாரருக்கு 45 நாள் கெடு வைக்கிறது. தாண்டினால் மனு செல்லாது. நீதிமன்றமோ ஆறு மாதத்துக்குள் முடிக்க ‘முயல வேண்டும்’, அவ்வளவுதான். முடியாவிட்டால் என்ன என்று சட்டம் சொல்லவில்லை.

விளைவு கண்கூடு. வென்றவர் பதவியில் இருப்பதால் ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கே லாபம். மனுவைத் தொடக்கத்திலேயே தள்ளக் கோரி ஒரு மனு, அதன்மேல் டெல்லி வரை முறையீடு என்று காலம் கரைகிறது. கொளத்தூரில் 2011இல் மு.க. ஸ்டாலின் வென்றதை எதிர்த்து சைதை துரைசாமி தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2017 ஜூனில். மனு தள்ளுபடி. அதற்குள் அந்தப் பேரவையே கலைந்து, அடுத்த தேர்தலும் முடிந்திருந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாகாத ஒருவர் ஆறாண்டு அதைச் சுமந்தாரே, அதற்கு யார் பொறுப்பு? தேனியில் 2019இல் வென்ற ஓ.பி. ரவீந்திரநாத்தின் தேர்தல் செல்லாது என்று 2023 ஜூலையில் தீர்ப்பானது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. அவர் பதவிக்காலத்தை முழுதாக முடித்தார்.

எல்லாவற்றிலும் கொடுமை ராதாபுரம். 2016இல் அங்கே மு. அப்பாவு 49 வாக்கில் இன்பதுரையிடம் தோற்றார். தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கியது சரியா என்பதுதான் வழக்கின் மையம். ஒரு வாரத்தில் விடை காணக்கூடிய கேள்வி அது. மூன்றாண்டுக்கு மேல் ஆனது. 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வாக்குகளை எண்ணியாயிற்று, கணக்கும் தயார். வாக்களித்த மக்களுக்கு மட்டும் சொல்லக்கூடாது! இதையா நிதானம் என்கிறோம்?

நிதானமும் வேகமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மலாவியில் 2019 மே தேர்தலை அங்குள்ள நீதிமன்றம் மாதக்கணக்கில் விசாரித்தது; 2020 பிப்ரவரி 3இல் ரத்து செய்தது; ஜூனில் மறுதேர்தல் நடந்து ஆட்சி மாறியது. எல்லாம் பதினான்கு மாதத்துக்குள்.

2021இல் தியாகராய நகரில் வெற்றியைத் தீர்மானித்தவை 137 வாக்குகள். இவ்வளவு மெல்லிய வித்தியாசத்தில் சந்தேகம் எழும் எந்தத் தொகுதியிலும், பாண்டி பஜாரில் கடை வைத்திருப்பவருக்கும் பனகல் பூங்காவில் பூ விற்பவருக்கும் தங்கள் உறுப்பினர் உண்மையில் யார் என்று ஆறு மாதத்தில் தெரிந்தாக வேண்டும். ‘முயல வேண்டும்’ என்ற சொல்லை நாடாளுமன்றம் சட்டத்திலிருந்து எடுக்கட்டும். தேர்தல் மனுக்களுக்கென்றே நீதிபதிகளை ஒதுக்கி, வேறு வழக்கு தராமல் நாள்தோறும் விசாரிக்கச் செய்யட்டும்.

ராதாபுரத்தில் எண்ணிய அந்த வாக்குகளின் முடிவு, 2021 மே மாதம் அந்தப் பேரவையின் காலம் முடியும்வரை அறிவிக்கப்படவில்லை.