வெளியே வந்தவனுக்கும் பேரு 'கைதி'

லோகேஷ் கனகராஜின் 'கைதி' 2019 தீபாவளிக்கு வந்தது. ஒரே ராத்திரியில் நடக்கிற கதையை இவ்வளவு இறுக்கமாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சமீபத்தில் திரும்பப் பார்த்தபோது தலைப்புதான் இடறியது. படம் தொடங்கும்போது டில்லி கைதியே இல்லை. பத்து வருஷச் சிறைவாசம் முடிந்து, பார்த்தே இராத மகளைப் பார்க்கக் கிளம்பியவன். பிறகு ஏன் அவன் பேரு 'கைதி'?

படத்திலேயே பதில் இருக்கு. வெளியே வந்த கையோடு சந்தேகத்தின் பேரில் போலீஸ் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. லாரி ஓட்ட ஆள் தேவைப்படும்போது அதிகாரி பிஜாய் கையில் அவன் கிடைப்பதே அதனால்தான். தண்டனை முடிஞ்சவன் மேல எந்தச் சட்டத்துல கை வச்சாங்கன்னு படம் கேட்பதில்லை. அந்தப் பிடியை அப்படியே வீரத்துக்கான வாய்ப்பாக மாற்றிவிடுகிறது. காவலர்களைக் காப்பாற்றிய பிறகுதான் அவன் மகளிடம் போக முடிகிறது. ஏற்கெனவே அவனுக்குச் சொந்தமான ஒன்றை அவன் மறுபடியும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. படத்தோடு எனக்குள்ள சண்டை இதுதான்.

"மசாலா படத்துல சட்டம் பாக்குறியா?" என்று கேட்கலாம். பார்க்க வேண்டியிருக்கு. கதை நடப்பது திருச்சிப் பக்கம். நான் இருக்கும் விராலிமலையிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் திருச்சி. அங்கே மத்தியச் சிறை வளாகத்துக்குள் ஒரு சிறப்பு முகாம் இருக்கு. படம் கேட்காமல் விட்ட கேள்வி படம் வந்து மூணு வருஷம் கழித்து அங்கே நிஜமாகவே வந்து நின்றது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் 2022 மே 18 அன்று விடுவித்தது. மீதி ஆறு பேரை நவம்பர் 11 அன்று விடுவித்தது. அந்த ஆறு பேரில் நளினியும் ரவிச்சந்திரனும் வீட்டுக்குப் போனார்கள். சாந்தன், முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் நாலு பேரும் இலங்கைக் குடிமக்கள். அவர்கள் சிறையிலிருந்து நேராகத் திருச்சி முகாமுக்கு வந்தார்கள். முகாமுக்கு அப்போது ஆதாரமாக இருந்தது 1946ஆம் வருஷத்து வெளிநாட்டினர் சட்டம். காகிதத்தில் அது சிறை இல்லை. உள்ளே இருப்பவர் நினைத்தபோது வெளியே போக முடியாது என்றால் வேற என்னன்னு சொல்றது?

சாந்தன் கேட்டது இலங்கைக்குப் போய் அம்மாவைப் பார்க்க. பயண அனுமதி கிடைத்தும் போக முடியவில்லை. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் கல்லீரல் நோயால் இறந்தார். உடல்தான் ஊருக்குப் போனது. மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். வழக்கின் சரி தப்பு பற்றி அவரவர்க்கு ஒரு கருத்து இருக்கலாம். நான் பேசுவது தீர்ப்புக்குப் பிறகான பதினைந்து மாசத்தைப் பற்றி.

இது பெரிய வழக்கு, விதிவிலக்கு என்று ஒதுக்கவும் முடியாது. சாதாரண ஆளுக்குச் சட்டம் என்ன சொல்லுது? சிறையில் இருக்கும்வரைதான் ஓட்டு கிடையாது, வெளியே வந்தால் போடலாம். இரண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை என்றால், விடுதலைக்குப் பிறகு ஆறு வருஷம் சட்டமன்றத் தேர்தலில் நிற்க முடியாது. அதன் பிறகு நிற்கலாம். ஆக, எம்.எல்.ஏ. ஆக நினைப்பவருக்கு ஒரு கெடு உண்டு. வாட்ச்மேன் ஆக நினைப்பவருக்கோ, 2005ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் தண்டனை பெற்றவரைக் காவலாளியாகச் சேர்க்கவே கூடாதுங்குது. கெடுவே இல்லை. பதினெட்டு வயசுக்குள் தப்பு செய்தவருக்கு அந்தப் பதிவு தடையாகக் கூடாதென்று 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் பொதுவிதியாகச் சொல்கிறது. பெரியவங்களுக்கு அப்படி ஒரு பொதுச்சட்டம் இங்கே இல்லை. பிரிட்டனில் 1974லேயே கொண்டுவந்துவிட்டார்கள். பல குற்றங்களுக்குக் குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனை தீர்ந்துபோனதாகக் கணக்கு.

இப்போ டில்லியிடம் திரும்பலாம். கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறான். தியேட்டரில் எல்லோருக்கும் கண் கலங்குது, எனக்கும்தான். ஆனால் மறுநாள் காலையில் அவனுக்கு வாடகைக்கு வீடு வேணும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கணும், ஒரு வேலை வேணும். லாரி ஓட்டத் தெரியும். வேலைக்கு எடுப்பவர், இதுக்கு முன்னாடி பத்து வருஷம் எங்கே ஓட்டினேன்னு கேட்பாரு. அந்தக் காட்சியைத் தமிழ் சினிமாவில் யாராவது எடுத்தால், முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.