தாழ்வாரத்துச் சாய் சிம்

குளிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் குளிரை விரும்பும் சீனக் கீரைகளை வளர்ப்பது கொஞ்சம் அடம்தான். அவற்றில் சாய் சிம் அந்த அடத்துக்கு இசைந்து கொடுக்கிறது. காலை வெயில் விழும் வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத் தொட்டியில் விதைத்தால், ஒரு மாதம் கடந்ததும் பறித்துவிடலாம். மஞ்சள் மொட்டு எட்டிப் பார்க்கும் இளந்தண்டில்தான் ருசி இருக்கிறது. பூ முழுக்க விரியட்டும் என்று காத்திருந்தால் நார் பாய்ந்துவிடும். இன்னொரு சீனக் கீரையான காய் லானுக்குப் பொறுமை கூடுதலாக வேண்டும்.

2020இல் தேசியப் பூங்காக் கழகம் 4 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு, இப்படி வீட்டிலேயே கீரை, காய்கறி வளர்க்க, இலவச விதைப் பொட்டலங்களை அனுப்பியது. நல்ல காரியம்.

வளர்க்க முடியாதவர்கள் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கும் கையோடு சாய் சிம்மையும் வாங்கி, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துப் பொரியலாக்கலாம். சாய் சிம்மும் கடுகுக் குடும்பத்துச் செடிதானே! தண்டை முதலில் வதக்குங்கள், இலையைக் கடைசியில் போடுங்கள். மூடி மட்டும் வேண்டாம்.