உள்ளே என்ன எழுதியிருக்கு?

டீ பேக்கை வெந்நீரில் முக்குவதற்கு முன்னால், அதைச் சுற்றி வருகிற காகித உறையைக் கிழித்து எங்கே போடுகிறீர்கள்? குப்பைக் கூடையில். நானும் அங்கேதான். நெதர்லாந்தில் ஒரு அம்மா அப்படிப் போடவில்லை. அதிலிருந்து ஒரு கைவேலையே பிறந்துவிட்டது.

டினி வான் டெர் பிளாஸ் என்பது அவர் பெயர். வருஷம் 1992. சகோதரியின் பிறந்த நாளுக்கு வாழ்த்து அட்டை செய்ய வேண்டும். வீட்டில் பளிச்சென்று காகிதம் எதுவும் இல்லை. கையில் டீ, மேஜையில் பழப் படம் போட்ட டீ உறை. அதைச் சின்னச் சதுரமாக வெட்டி, மடித்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒரு நட்சத்திரப் பூ பண்ணி அட்டையில் ஒட்டினாராம். 'டீ பேக் மடிப்பு' என்ற பெயரிலேயே அது ஊர் ஊராகப் பரவிவிட்டது. கொஞ்சம் கெத்தாகச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் 'குட்டிக் கலைடாஸ்கோப் ஒரிகாமி' என்கிறார்கள்.

இந்த இரண்டாவது பெயர் சும்மா பீற்றல் இல்லை. செய்து பார்த்தால் புரியும். ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்துப் பிரியுங்கள். நடுவில் ஒரு கோடு விழும். ஒரு மூலையின் இரண்டு பக்க விளிம்புகளையும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்தால், பட்டம் மாதிரி ஓர் உருவம் கிடைக்கும். சதுரத்தின் மூலை 90 டிகிரி. பட்டத்தின் கூர்முனை அதில் சரிபாதி, 45 டிகிரி. எட்டு பட்டங்களின் கூர்முனைகளை நடுவில் சேர்த்து வையுங்கள். எட்டு நாற்பத்தைந்து முந்நூற்று அறுபது! வட்டம் கச்சிதமாக மூடிக்கொள்கிறது. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் குறையாது. கணக்கு வாத்தியார் இதை ஒரு தடவை மடித்துக் காட்டியிருந்தால் ஜியாமெட்ரி பாக்ஸைப் பார்த்து அப்படிப் பயந்திருக்க மாட்டோம்.

அடுத்ததுதான் வேடிக்கை. மடித்தவுடன் உறையில் இருந்த படம் காணாமல் போய்விடுகிறது. செர்ரிப் பழம் உள்ளே போய், காம்பு மட்டும் வெளியே நிற்கும். கம்பெனி பெயரில் ஒரு எழுத்தின் கால் மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் காம்பும் அந்தக் காலும் எட்டு தடவை வட்டமாகச் சுற்றி வரும்போது, யாரும் வரையாத ஒரு கோலம் தெரிகிறது. மூன்று கண்ணாடிப் பட்டைக்கு நடுவே உடைந்த வளையல் துண்டுகளைப் போட்டு உருட்டிப் பார்ப்போமே, அந்தச் சந்தோஷம்.

கவனியுங்கள்... ஒரே மாதிரி எட்டு சதுரம் வேண்டும் என்றால், ஒரே டீயை எட்டு கப் குடித்தாக வேண்டும். ஒரு பூவுக்குப் பின்னால் எட்டு சாயங்காலம் இருக்கிறது.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. கைவேலைப் பொருள் விற்கிற கடைகளில் 'டீ பேக் பேப்பர்' என்றே தனியாகக் கிடைக்கிறது. ஒரே டிசைன் கட்டம் கட்டமாக அச்சடித்திருக்கும்; வெட்டி மடிக்க வேண்டியதுதான். எந்த மடிப்புக்கு எந்தப் பூ வெளியே தெரிய வேண்டும் என்பதை டிசைன் போட்டவரே யோசித்து வைத்துவிட்டார். டீயே இல்லாத டீ பேக் பேப்பர்!

அழகுப் போட்டி வைத்தால் கடைக் காகிதம்தான் ஜெயிக்கும். சாயம் திட்டுத்திட்டாக இருக்காது, மடிப்பு கத்தி மாதிரி விழும். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால், பத்து அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பத்தும் ஒரே தொழிற்சாலையில் வந்த மாதிரி இருக்கிறது. மடித்தவர் யார், எதற்காக மடித்தார் என்று அந்தப் பூவிலிருந்து ஒன்றுமே தெரிவதில்லை. 'கையால் செய்தது' என்று பின்னால் ஒரு ஸ்டிக்கர் வேறு. அந்த ஸ்டிக்கரும் அச்சடித்தது.

'கையால் செய்தது' என்கிற வார்த்தையையே கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடிவதில்லை. எட்டு சதுரம் வெட்டி, மடித்து, ஒட்டிக் காயவைக்க, பழகாத கைக்கு ஒன்றரை மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் கூலி என்று வைத்தால் 150. அட்டை, பசை, உறை எல்லாம் சேர்த்து ஒரு 30. ஆக, அடக்க விலையே 180 ரூபாய். லாபம் இன்னும் சேர்க்கவில்லை. இதை விற்றுப் பிழைக்க இரண்டே வழிதான். ஒன்று, உங்கள் நேரத்துக்கு விலையே இல்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டும் (வீட்டிலிருந்து அட்டை செய்து விற்கிற பெண்கள் பலரும் இதைத்தான் செய்கிறார்கள்). இல்லாவிட்டால், வேலையைப் பங்கு போட வேண்டும்.

இரண்டாவது வழியை அமெரிக்காவில் ஒரு பெண் 19-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். எஸ்தர் ஹௌலண்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊர். 1847-ல் படிப்பை முடித்துவிட்டு வந்தவருக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு காதலர் தின அட்டை கையில் கிடைக்கிறது. ஓரமெல்லாம் காகித லேஸ். 'இதைவிட நன்றாக நானே செய்வேனே!' அப்பாவுக்கு ஸ்டேஷனரி கடை. லேஸும் வண்ணக் காகிதமும் தருவித்துப் பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் செய்து, வியாபாரச் சுற்றுப்பயணம் போன சகோதரனிடம் கொடுத்தனுப்பினார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று நினைத்தாராம். 5,000 டாலருக்கு மேல் வந்து நின்றது.

தனி ஆளாகச் செய்து முடிகிற காரியமா? தோழிகளைக் கூட்டினார். ஒருத்தி வெட்ட, ஒருத்தி அடுக்க, ஒருத்தி ஒட்ட, அட்டை கை மாறிக்கொண்டே போகும். விசிறி மாதிரி மடித்த காகிதத்தை ஸ்பிரிங்காக வைத்து, பூவும் லேஸும் அட்டையை விட்டு எழும்பி நிற்கும்படி செய்தார்கள். பின்பக்கம் சின்னதாகச் சிவப்பில் ஓர் 'எச்' எழுத்து. ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையைப் பற்றி எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை.

அவருடைய வேலையை நான் குறை சொல்லவே மாட்டேன். எனக்கு இடிக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். 1879-ல் அவருடைய கம்பெனி ஒரு சின்னப் புத்தகம் போட்டது. உள்ளே 131 குட்டிக் கவிதைகள். அட்டைக்குள் இருக்கிற கவிதை பிடிக்காவிட்டால், இதிலிருந்து பிடித்ததை வெட்டி அதன்மேல் ஒட்டிக்கொள்ளலாம். காதலும் ரெடிமேட்!

யோசித்துப் பார்த்தால், வாழ்த்து அட்டை என்ற சமாசாரமே எழுதுவதிலிருந்து தப்பிக்க வந்ததுதான். 1843-ல் லண்டனில் முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடிக்க வைத்த ஹென்றி கோலுக்கு, வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஓவியர் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொன்னார். வாழ்த்து அச்சில் இருக்கும். யாருக்கு, யாரிடமிருந்து என்ற இரண்டு இடம் மட்டும் காலி. மிச்சத்தைக் கடையில் விற்றார்கள். ஒரு ஷில்லிங்! மனுஷர் புத்திசாலி. ஆனால், அவர் ஒளிக்கவில்லை. 'எனக்கு நேரமில்லை' என்பதை அந்த அட்டை ஒப்புக்கொண்டது.

நம் காலத்துக் கைவேலை அட்டைதான் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. வெளியே பூவுக்கு ஒன்றரை மணி நேரம் செலவாகிறது. உள்ளே 'பெஸ்ட் விஷஸ்' எழுத ஐந்து விநாடி. ஓர் அட்டையை நல்ல அட்டை, சுமாரான அட்டை என்று நான் பிரிப்பது மடிப்பைப் பார்த்து அல்ல. திறந்து பார்த்துத்தான்.

என்னிடம் ஒரு பழைய பொங்கல் வாழ்த்து இருக்கிறது. பள்ளிக்கூடச் சிநேகிதன், வேறு ஊர்க் காலேஜில் சேர்ந்த வருஷம் அனுப்பியது. பஸ் டிக்கெட்டுகளை மாற்றி மாற்றி மடித்து ஸ்பிரிங் செய்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஸ்பிரிங்கின் மேல், பச்சைக் காகிதத்தில் வெட்டிய ஒரு கோணல் கரும்பு. அட்டையைத் திறந்தால் கரும்பு ஆடும். ஹௌலண்ட் அம்மாவின் டெக்னிக்கேதான், அவனுக்குத் தெரியாது. டிக்கெட்டெல்லாம் நாங்கள் சேர்ந்து ஸ்கூலுக்குப் போன பஸ்ஸுடையது. கீழே இரண்டு வரி: 'அக்கவுண்டன்சி பேப்பர் எப்படிடா பண்ணே? நான் ஊத்திக்கிட்டேன். வீட்டுல சொல்லாத.' பசை மஞ்சள் அடித்துவிட்டது. கரும்பில் ஒரு இலை இல்லை. எந்தப் போட்டியிலும் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

டீ பேக் மடிப்பை முயற்சி பண்ணப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு உள்ள உறை வேண்டாம்; மடிப்பும் நிற்காது, பசையும் பிடிக்காது. வெறும் காகித உறையாகப் பாருங்கள். பூ புடைத்து நிற்குமே, தபாலில் போகுமா என்று கேட்டால், அது ஊரைப் பொறுத்தது. பிரிட்டனில் 5 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டினால் 'பெரிய கடிதம்' கட்டணம் கேட்கிறார்கள். டென்மார்க்கில் போஸ்ட்நார்ட் நிறுவனம் 2025-ம் வருஷக் கடைசியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. நேரில் கொடுத்துவிடுவது உத்தமம். முக்கியமாக, பூவை ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே எழுதிவிடுங்கள். ஒட்டிவிட்டால் அட்டை மேஜையில் சமமாக உட்காராது, பேனா ஆடும்.

இதை நான் என் அக்கா மகளுக்குத்தான் முதலில் சொன்னேன், கொஞ்சம் லேட்டாக. அவள் காலேஜ் முதல் வருஷம். தாத்தாவின் 80-வது பிறந்த நாளுக்கு அட்டை செய்து கொண்டுவந்து காட்டினாள். கடையில் வாங்கிய கிட். நீலமும் வெள்ளையுமாக மூன்று பூக்கள். ஒரு முனைகூடப் பிசகவில்லை. திறந்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னம்மா, காலியா இருக்கு?"

"எழுதினா அசிங்கமாயிடும் மாமா. என் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கும். ஸ்டிக்கர் வாங்கி வெச்சிருக்கேன்."

என் அப்பா அவளுடைய கையெழுத்தைப் பார்த்திருக்கவே மாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது. போனில் பேசுவாள், வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்புவாள். அவள் கையால் எழுதுவதெல்லாம் பரீட்சை பேப்பர் திருத்துகிறவர்களுக்குத்தான்.

"கோழி கிறுக்கினாலும் பரவாயில்ல, எழுது" என்றேன்.

"சரி, என்ன எழுதறது? சொல்லுங்க."

இருபது வருஷமாக எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு வரி வரவில்லை. 'அன்புள்ள தாத்தாவுக்கு' என்று ஆரம்பித்துக் கொடுத்ததோடு சரி. அவள் பேனாவை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள். நாலைந்து வரி இருக்கும் போலத் தெரிந்தது, நடுவில் ஒரு அடித்தலும் இருந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.