உள்நாட்டுக் குளிரில் குடும்பக் கேரவன்: ஒரு மதிப்பீடு

ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் குடும்பக் கேரவன்களுள் பல கோடை விடுமுறையையும் கடற்கரையையும் மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டவை என்பது விற்பனைக்கூடத்தில் தெரிவதில்லை. ஜூலை மாதத்தில் உள்நாட்டுச் சமவெளியில் கழியும் இரவுகளில்தான் தெரிகிறது. கேரவன் என்றதும் தமிழ் வாசகருக்குப் படப்பிடிப்புத் தளத்து ஓய்வு வாகனம் நினைவுக்கு வரலாம். இங்கே மதிப்பிடப்படுவதோ தனக்கென எஞ்சின் இல்லாமல், ஒரு பெரிய டீசல் காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லப்படும் சக்கரவீடு. முன்புறம் பெற்றோரின் கட்டில், நடுவில் சமையலிடம், பின்புறம் பிள்ளைகளின் அடுக்குப் படுக்கைகளும் குளியலறையும் என்று ஏறத்தாழ 21 அடி நீளத்தில் அமையும் வகையே குடும்பங்களிடையே பரவலானது. அவ்வகையைச் சோதித்துப் பார்க்க, சிட்னியிலிருந்து டப்போ, நிங்கன், கோபார், வில்கேனியா ஆகிய ஊர்கள் வழியாக புரோக்கன் ஹில் வரை ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் நீளும் சாலை பொருத்தமானது.

முதலில் பார்க்க வேண்டியது படுக்கைகளின் எண்ணிக்கை அல்ல, எடைத் தகடு. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது உள்ள காலி எடைக்கும், சட்டப்படி அனுமதிக்கப்பட்ட உச்ச எடைக்கும் உள்ள வேறுபாடே சுமைத்திறன் எனப்படுகிறது. இவ்வகை வண்டிகளில் அது பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டியே இருக்கிறது. தலா 95 லிட்டர் கொள்ளும் இரண்டு நீர்த்தொட்டிகளை நிரப்பினால் 190 கிலோவும், 9 கிலோ எரிவாயு கொள்ளும் இரண்டு உருளைகளை ஏற்றினால் அவற்றின் இரும்பு எடையும் சேர்த்து ஏறத்தாழ 36 கிலோவும் கழிந்துவிட, நான்கு பேரின் கம்பளிகள், உடைகள், பாத்திரங்கள், உணவு, நாற்காலிகள் அனைத்தும் எஞ்சிய 174 கிலோவுக்குள் அடங்கியாக வேண்டும். குளிர்காலச் சாமான்கள் கோடைச் சாமான்களைவிடக் கனமானவை என்பதை விற்பனையாளர் எவரும் நினைவூட்டுவதில்லை.

அடுக்குப் படுக்கைகள் பின்கோடியில் இருப்பதால் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. பயணத்தின்போது அவை பை வைக்கும் பரண்களாகிவிடுகின்றன. பின்புறத் தாங்கியில் மிதிவண்டிகளும் ஏறிவிட்டால் வால்பகுதி கனத்து, காரின் இணைப்புக் குமிழ்மீது இறங்க வேண்டிய எடை குறைகிறது. மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு அக்குமிழ்மீது இருக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டல். அது குறையும்போது வண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. 36.5 மீட்டர் நீளமுள்ள சாலைத் தொடர்வண்டி, அதாவது பல இணைப்புகளை ஒரே லாரி இழுத்துச் செல்லும் நெடும்வாகனம், எதிரே கடக்கும்போது எழும் காற்றுத் தள்ளலும் உறிஞ்சலும் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஆட்டத்தை உணர்ந்து கேரவனின் பிரேக்கைத் தானே பிடிக்கும் மின்னணுக் கருவி இன்று பல வண்டிகளில் பொருத்தப்படுகிறது. அது தேவையானதே ஆயினும், பின்னால் ஏற்றிய சுமையை அது முன்னால் நகர்த்திவிடாது.

ஐந்து மணியளவில் பொழுது சாய்வதாலும், அந்திக்குப்பின் கங்காருக்களும் கோபாருக்கு மேற்கே ஆடுகளும் சாலையோரம் மிகுவதாலும், குளிர்காலத்தில் ஓட்டத்தக்க நேரம் குறைவு. ஆகவே குடும்பம் வண்டிக்குள் அடைந்திருக்கும் நேரம் பதினான்கு மணியையும் எட்டிவிடுகிறது. உண்மையான மதிப்பீடு அங்கேதான் தொடங்குகிறது.

புரோக்கன் ஹில்லில் ஜூலை இரவின் சராசரி வெப்பநிலை 5 டிகிரியை ஒட்டியது. உறைபனி விழும் விடியல்களும் உண்டு. இந்தக் குளிரைவிடப் பெருந்தொல்லை ஈரம். உறங்கும் நால்வரின் மூச்சும் வியர்வையும் ஓரிரவில் ஒரு லிட்டர் நீரை எளிதில் காற்றில் சேர்த்துவிட, அது அலுமினியச் சட்டங்களிலும் மெத்தையின் அடிப்புறத்திலும் குளிர்ந்து துளிர்க்கிறது. எரிவாயு அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்வது இரட்டைப் பிழை: ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகி ஈரத்தை மேலும் கூட்டுகிறது; காற்று போதாதபோது மணமற்ற நச்சான கார்பன் மோனாக்சைடும் உருவாகிறது. குளிர் புகுகிறது என்று கதவின் கீழுள்ள நிலையான காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பவர்கள் அந்த ஆபத்தைத் தாங்களே வரவழைத்துக்கொள்கின்றனர்.

கூரையில் உள்ள குளிர்சாதனத்தை வெப்பமூட்டும் நிலைக்கு மாற்றினால் சூடான காற்று மேலேயே தங்கிவிட, மேல்படுக்கைக் குழந்தை போர்வையை உதைத்தெறியும்போது கீழ்ப்படுக்கைக் குழந்தை நடுங்கும். மேலும் அதற்கு வெளி மின்னிணைப்பு வேண்டும். டீசல் சூடேற்றியே இதற்குத் தகுந்த விடை. அது எரிகாற்றை வெளியிலிருந்து இழுத்து, மூடிய அறைக்குள் டீசலை எரித்து, புகையையும் எரிதலில் உண்டாகும் நீராவியையும் வெளியே அனுப்பிவிட்டு, அறையின் வெளிச்சுவரைத் தொட்டுச் சூடான காற்றை மட்டும் தரைமட்டத்தில் உள்ளே ஊதுகிறது. கூரைத் திறப்பை இரண்டு விரல் அகலம் திறந்துவைத்தபடி இதனை இரவு முழுதும் மிதமாக ஓட்டுவதே நல்லது. வெப்பம் சற்று வீணாகிறதே என்று திறப்பை மூடினால் காலையில் சுவரைத் துடைக்க வேண்டியிருக்கும்.

சூடேற்றியின் மின்விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் வேண்டிய மின்சாரமே அடுத்த இடர். குளிர்காலச் சங்கிராந்தியன்று புரோக்கன் ஹில்லில் நண்பகல் சூரியனே ஏறத்தாழ 35 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது; கூரையில் தட்டையாகக் கிடக்கும் சூரியத் தகடு, சூரியனை நோக்கிச் சாய்த்த தகடு பெறும் நேரொளியில் பாதிக்குச் சற்று மேல் மட்டுமே பெறும். சாய்த்து வைக்கத்தக்க தனித் தகடு ஒன்றை எடுத்துச்செல்வது, கூரையில் மேலும் ஒன்றைப் பொருத்துவதைவிட அறிவுடைய செலவு. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் பழுதாகும் என்பதால், அதன் காப்புச் சுற்று மின்னேற்றத்தையே மறுக்கும். எனவே வண்டியின் அடிச்சட்டத்தில் தொங்கும் மின்கலப் பெட்டியை விட, கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியே மேல்.

வாங்கத் தகுந்ததா என்றால், டீசல் சூடேற்றி, இரட்டைக் கண்ணாடிச் சன்னல், மின்விசிறியுடன் கூடிய கூரைத் திறப்பு ஆகிய மூன்றும் இருந்து, சுமைத்திறன் 500 கிலோவுக்குக் குறையாத வண்டி தகுந்தது. இவை இல்லாத பளபளப்பான பெரிய வண்டியைவிட, இவை உள்ள சிறிய வண்டி நல்லது. ஆண்டுக்கு ஒருமுறை, பள்ளியின் ஜூலை விடுமுறையில் மட்டும் புறப்படும் குடும்பம் வாடகைக்கு எடுப்பதே சரி.